மறுப்பதானால் எழுதி மறுங்கள்: வட சென்னைக் காவல் ஆய்வாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வட சென்னைக் காவல் நிலையங்களில் சட்டம் ஒழுங்குப் பொறுப்பில் இருக்கும் ஆய்வாளர்களுக்கு,

வணக்கம்.

இதை ஆணையருக்கே எழுதியிருக்கலாம். வேப்பேரியில் உள்ள ஆணையர் அலுவலகத்துக்கு நகல் போகிறது. ஆனால் ஒரு தெருமுனைக் கூட்டமோ வீதி நாடகமோ கானா கச்சேரியோ நடக்குமா நடக்காதா என்பது பெரும்பாலும் உங்கள் மேசையைச் சுற்றித்தான் தீர்மானமாகிறது. அதனால் உங்களுக்கே எழுதுகிறோம். கேட்பது ஒன்றுதான். அனுமதி தர முடியாது என்றால் அதை எழுத்தில் சொல்லுங்கள், காரணத்தோடு சொல்லுங்கள், நீதிமன்றம் போக எங்களுக்கு நாள் மிச்சமிருக்கும்போது சொல்லுங்கள்.

வட சென்னையில் எந்த நாடகத்தையும் யாரும் தடை செய்வதில்லை. தடை என்று ஒரு காகிதம் வந்தால் அதை எதிர்த்து வழக்குப் போடலாமே! நடப்பது வேறு. ஞாயிறு மாலை 6 மணிக்கு வியாசர்பாடியில் ஒரு தெருச் சந்திப்பில் 40 நிமிட நாடகம் என்று வைத்துக்கொள்வோம். 1888-ஆம் ஆண்டு சென்னை நகரக் காவல் சட்டத்தின் 41-வது பிரிவின்படி ஐந்து நாள் முன்னதாக மனு கொடுக்க வேண்டும். திங்கள் காலையிலேயே மனு ஸ்டேஷனுக்கு வந்துவிடுகிறது. ரைட்டர் வாங்கி வைத்துக்கொள்கிறார். நகலில் முத்திரை போட்டுத் தரச் சொன்னால் "இன்ஸ்பெக்டர் வரட்டும்" என்கிறார். இன்ஸ்பெக்டர் பந்தோபஸ்துக்குப் போயிருக்கிறார். மறுநாள் மனு உதவி ஆணையர் அலுவலகம் போகிறது, அங்கிருந்து துணை ஆணையர் அலுவலகம். நுண்ணறிவுப் பிரிவின் குறிப்பு வந்த பிறகு போக்குவரத்துப் பிரிவின் கருத்து கேட்கப்படுகிறது. ஒன்று வந்தால்தான் அடுத்தது. வெள்ளிக்கிழமை இரவு 8 மணிக்குப் போன் வரும்: "இந்த வாரம் வேணாம், அடுத்த வாரம் பார்த்துக்கலாம்."

சனியும் ஞாயிறும் உயர் நீதிமன்றம் கிடையாது. எழுத்தில் மறுப்பு இல்லாததால் எதை எதிர்த்து ரிட் போடுவது என்பதே முதல் சிக்கல். மனுவைப் பரிசீலிக்க உத்தரவிடும்படி கேட்கலாம்தான். அரசு வழக்கறிஞர் எழுந்து "பரிசீலனையில் இருக்கிறது" என்று சொல்வார். பரிசீலனை முடிவதற்குள் ஞாயிறு முடிந்திருக்கும்.

அதே மறுப்பு புதன் மாலைக்குள் எழுத்தில் வந்தால் கதை வேறு. வியாழக்கிழமை வழக்குரைஞர் மனுவைத் தயார் செய்வார். வெள்ளி காலை 10.30-க்கு நீதிபதி முன் அவசரம் என்று குறிப்பிட்டு, லஞ்ச் மோஷனாக மதியம் 2.15-க்கு எடுக்கக் கேட்பார். நீங்களும் உங்கள் தரப்பைச் சொல்வீர்கள். நீதிபதி நேரத்தை மாற்றச் சொல்லலாம், இடத்தை மாற்றச் சொல்லலாம், எங்கள் மனுவைத் தள்ளவும் செய்யலாம். தள்ளினால் ஏற்றுக்கொள்கிறோம். உயர் நீதிமன்றம் தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு பஸ் தூரம். தூரம் எங்களுக்குப் பிரச்சினை இல்லை, நாள்தான் பிரச்சினை.

ஆகவே மனு கைக்கு வந்த 48 மணி நேரத்தில் பதில் வேண்டும். எல்லாப் பிரிவுகளின் கருத்தையும் ஒரே நாளில், ஒரே நேரத்தில் கேட்டால் இது முடியும். போக்குவரத்துப் பிரிவுக்குத் தெருவின் அகலமும் மாலை நேர நெரிசலும் தெரிந்தால் போதும். நுண்ணறிவுப் பிரிவின் குறிப்பு வரும்வரை அவர்கள் காத்திருக்க வேண்டிய தேவை என்ன?

மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு நாள், நேரம், பெயர், முத்திரையோடு நகல் தருவதைக் கட்டாயமாக்குங்கள். அது கிடைக்காதபோது அமைப்பாளர்கள் அதே மனுவை ஒப்புகை அட்டையோடு விரைவுத் தபாலில் அனுப்புகிறார்கள். அது வந்து சேர்ந்த தேதியிலிருந்துதான் ஐந்து நாள் என்று கணக்குச் சொன்னால், நேரில் கொடுத்தவர் தபாலில் அனுப்பியவரைவிடத் தாமதமானவர் ஆகிவிடுகிறார்!

அடுத்து, சட்டத்தில் இல்லாத சில கேள்விகள். முதலாவது, "ஸ்கிரிப்ட் கொடுங்க." நாடகப் பிரதியை முன்கூட்டியே அதிகாரியிடம் காட்டும் வழக்கம் 1876-ஆம் ஆண்டு நாடக நிகழ்த்துகைச் சட்டத்தில் பிறந்தது. வங்காளத்து நாடக மேடைகளுக்குப் பயந்து வெள்ளையர் போட்ட சட்டம் அது. சுதந்திரத்துக்குப் பிறகு 1954-இல் இங்கே தமிழ்நாடு நாடக நிகழ்த்துகைச் சட்டம் வந்தது. எம்.ஆர். ராதாவின் மேடையை அடக்கத்தான் அது வந்தது என்று நாடகக்காரர்கள் இன்றும் சொல்வார்கள். பரீக்‌ஷா நாடகக் குழுவின் ஞாநி தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2013-இல் அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் அரசமைப்புக்கு முரணானவை என்று அடித்துவிட்டது. அதற்குப் பிறகும் சில நிலையங்களில் பிரதி கேட்கப்படுகிறது. எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் கேட்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்டால், "சும்மா படிச்சுப் பார்க்கத்தான்" என்கிறார்கள். படிக்க ஆசை என்றால் நாடகத்துக்கு வாருங்கள். வட்டத்தில் முதல் வரிசையில் இடம் போட்டு வைக்கிறோம்.

இரண்டாவது, உறுதிமொழிக் கடிதம். "அரசை விமர்சிக்க மாட்டோம்", "இன்ன தலைவரைப் பற்றிப் பேச மாட்டோம்" என்று வெள்ளைத்தாளில் எழுதி வாங்குவது. நேரத்தை மீற மாட்டோம், வழியை அடைக்க மாட்டோம் என்று எழுதித் தருவதில் எங்களுக்குத் தயக்கமில்லை. எதைப் பேசுவோம் என்பதற்கு உறுதிமொழி கிடையாது. 'மாதொருபாகன்' நாவலுக்கு எதிராக நாமக்கல்லில் 2015 ஜனவரியில் அதிகாரிகள் முன்னிலையில் அமைதிக் கூட்டம் கூட்டி, எழுத்தாளர் பெருமாள்முருகனிடம் கையெழுத்து வாங்கினார்கள். 2016 ஜூலையில் உயர் நீதிமன்றம் அந்த உடன்பாடு யாரையும் கட்டுப்படுத்தாது என்று சொல்லிவிட்டது. அமைதிக்காக என்று சொல்லி அதிகாரி வாங்கும் கையெழுத்தின் மதிப்பு அவ்வளவுதான்.

மூன்றாவது, தெருவாசிகள் எல்லாரிடமும் ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்கி வரச் சொல்வது. இதைச் செய்தால் ஒரு வீட்டுக்காரர் ஒரு தெருவுக்கே தணிக்கை அதிகாரி ஆகிவிடுவார். அடிப்படை உரிமைக்கு அக்கம்பக்கத்தில் ஓட்டெடுப்பு நடத்த முடியாது.

இனி, காரணம் என்பது என்ன என்று பார்ப்போம். எப்போதாவது எழுத்தில் வரும் மறுப்புகளும் பெரும்பாலும் ஒரே வாக்கியம்தான்: "சட்டம் ஒழுங்கு பிரச்சினை ஏற்பட வாய்ப்புள்ளதால் அனுமதி மறுக்கப்படுகிறது." தேதியையும் பெயரையும் மாற்றி அடுத்த மனுவுக்கும் அதையே ஒட்டலாம். அப்படி எந்த மனுவுக்கும் பொருந்துகிற வாக்கியம் எந்த மனுவுக்கும் காரணம் ஆகாது. மொகிந்தர் சிங் கில் வழக்கில் 1977-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை உங்கள் சட்ட ஆலோசகர்கள் அறிவார்கள்: ஓர் ஆணை அதில் எழுதியிருக்கும் காரணத்தால் மட்டுமே நிற்க வேண்டும், பின்னால் பிரமாணப் பத்திரத்தில் புதுக் காரணம் சேர்க்க முடியாது. "ஞாயிறு மாலை 5 முதல் 8 வரை அந்தத் தெருவில் வேறு ஊர்வலத்துக்கு ஏற்கெனவே அனுமதி தரப்பட்டுள்ளது", "தெருவின் அகலம் 20 அடி, பக்கத்தில் பிரசவ மருத்துவமனை, ஆம்புலன்ஸுக்கு மாற்று வழி இல்லை" என்பவை காரணங்கள். அவற்றோடு "இன்ன தெருவில், இன்ன நேரத்தில் நடத்திக்கொள்ளலாம்" என்று ஒரு வரி சேர்த்தால் பெரும்பாலும் யாரும் கோர்ட்டுக்குப் போக மாட்டார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4(1)(ஈ) பிரிவும் நிர்வாக முடிவுகளுக்கான காரணத்தைப் பாதிக்கப்பட்டவருக்குத் தர வேண்டும் என்றுதான் சொல்கிறது. அதற்காக ஒருவர் தனியாக மனுப் போட்டு 30 நாள் காத்திருக்க வேண்டியதில்லை.

"எதிர்த் தரப்பு கலாட்டா பண்ணும்" என்ற காரணத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அதுதான் அடிக்கடி வருகிறது. 'ஒரே ஒரு கிராமத்திலே' படம் தொடர்பான ரங்கராஜன் வழக்கில் 1989-இல் உச்ச நீதிமன்றம், மிரட்டலுக்கும் ஆர்ப்பாட்டத்துக்கும் பயந்து கருத்துரிமையை நசுக்க முடியாது, எதிர்க்கும் கூட்டத்தைச் சமாளிக்க இயலாது என்று அரசு கைவிரிக்க முடியாது என்றது. கலாட்டா செய்யப்போவதாகச் சொன்னவர் யார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. அவரைக் கூப்பிட்டு எச்சரிப்பதை விட்டுவிட்டு, எட்டுப் பேர் நடிக்கும் குழுவைக் கூப்பிட்டு எச்சரித்தால், அடுத்த முறை அவர் இன்னும் சத்தமாக மிரட்டுவார். மிரட்டினால் காரியம் நடக்கும் என்று கற்றுக்கொடுத்தது யார்?

இடம் பற்றிய பிரச்சினையும் இருக்கிறது. போராட்டம் என்றாலே வள்ளுவர் கோட்டம், சேப்பாக்கம், எழும்பூர் ராஜரத்தினம் ஸ்டேடியம் என்று கை காட்டுகிறீர்கள். ஆயிரம் பேர் கூடும் ஆர்ப்பாட்டத்துக்கு அது சரியாக இருக்கலாம். கொடுங்கையூர் குப்பைமேட்டைப் பற்றியும் எரிஉலைத் திட்டத்தைப் பற்றியும் போடும் நாடகத்தை நுங்கம்பாக்கத்தில் யாருக்குக் காட்டுவது? 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் பரவிய எண்ணெயைப் பற்றிக் கேட்க வேண்டியவர்கள் அந்தக் கரையில்தான் வலை உலர்த்துகிறார்கள். பேசும் உரிமையில் யாரிடம் பேசுகிறோம் என்பதும் அடக்கம். ஹிம்மத்லால் ஷா வழக்கில் 1972-இலேயே உச்ச நீதிமன்றத்தின் அரசமைப்பு அமர்வு, பொதுத்தெருவில் கூட்டம் நடத்துவதை ஒழுங்குபடுத்தலாம், முழுவதுமாக மூடிவிட அதிகாரியின் விருப்பத்துக்கு விட முடியாது என்று அகமதாபாத் காவல் ஆணையரின் விதியை ரத்து செய்தது. இங்கோ, 15 நாளுக்கு என்று பிறப்பிக்கப்படும் தடையாணை முடியும்போதே அடுத்த 15 நாளுக்குப் புதுப்பிக்கப்படுகிறது. சட்டம் தற்காலிகமாகக் கொடுத்த அதிகாரம் வருடம் முழுக்க ஓடுகிறது. 144 தடையாணை பற்றிய உச்ச நீதிமன்றத்தின் அனுராதா பாசின் தீர்ப்பு 2020-இல் கண்டித்ததும் இப்படித் திரும்பத் திரும்ப ஆணை போடுவதைத்தான்.

இந்தப் பகுதி 'சென்சிட்டிவ் ஏரியா' என்ற சொல்லையும் கொஞ்சம் ஓரம் வையுங்கள். 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது பெரம்பூரில் பின்னி ஆலைத் தொழிலாளர்களிடையே கூட்டம் போட்டுப் பேசித்தான். தெருமுனையில் நின்று பேசுவதும் நின்று கேட்பதும் இங்கே நூறு வருடப் பழக்கம். கட்சிப் பிரமுகரின் பிறந்தநாளுக்கு ரோட்டின் முழு அகலத்துக்கும் மேடை போட்டு விடியவிடியக் கச்சேரி நடக்கும்போது வராத பதற்றம், ஒரு பறையும் எட்டு நடிகர்களும் 20 அடி வட்டத்தில் நிற்கும்போது வருகிறது என்றால், அளவுகோல் கூட்டத்தின் அளவு இல்லை என்று அர்த்தம்.

ஒலி விஷயத்தில் நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எங்கள் பக்கத்து அமைப்பாளர்கள் பலருக்கு விதி தெரியாது. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி ஒலிபெருக்கிக்கு எழுத்தில் அனுமதி வேண்டும், இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் பறை உட்பட எந்தக் கருவியும் கூடாது. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், வணிகப் பகுதிக்கு 65. ஒலிபெருக்கி வைக்கும் பொது இடத்தின் எல்லையில், அந்தப் பகுதிக்குரிய அளவைவிட 10 டெசிபல் கூடுதல் அல்லது 75 டெசிபல், இரண்டில் எது குறைவோ அதுதான் உச்சம். அதாவது குடியிருப்புத் தெருவில் 65. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டரை அரசு அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். மைக் செட்காரர் கூம்பு ஒலிபெருக்கி கொண்டுவந்தால் திருப்பி அனுப்ப வேண்டியது அமைப்பாளர் பொறுப்பு. இரண்டு பாக்ஸ், கூட்டத்தை நோக்கிக் கீழே சாய்த்து வைத்தது, 200 பேருக்குப் போதும். வீதி நாடகத்துக்குப் பெரும்பாலும் மைக்கே வேண்டாம். ஆனால் ஒலியை அளக்காமல் "சத்தம் அதிகம்" என்று பத்து நிமிடத்தில் நிறுத்துவதை ஏற்க முடியாது. ரோந்து வண்டியில் டெசிபல் மீட்டர் கொண்டுவந்து, எல்லையில் நின்று அளந்து, எண்ணை எழுதிக் கையெழுத்திடுங்கள். எண் மீறினால் நாங்களே குறைப்போம்.

கானாவுக்கு மட்டும் ஒரு தனி வார்த்தை. இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சங்கிதாவின் 296-வது பிரிவு, பொது இடத்தில் பிறருக்குத் தொந்தரவு தரும்படி ஆபாசப் பாட்டுப் பாடினால் 3 மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்கிறது. பாடியது எந்த வரி, அதில் ஆபாசம் எது, தொந்தரவு அடைந்தது யார் என்ற மூன்றும் புகாரில் இருக்க வேண்டும். காசிமேட்டுப் பேச்சு வழக்கு காதுக்குக் கரடுமுரடாக இருக்கலாம், அது ஆபாசம் ஆகிவிடாது. போலீசைக் கிண்டல் செய்யும் வரிக்கு இந்தப் பிரிவு பொருந்தவே பொருந்தாது.

நிகழ்ச்சி முடிந்த பிறகு வரும் வழக்குகளும் தணிக்கைதான், கொஞ்சம் மெதுவான தணிக்கை. அனுமதி இல்லாமல் கூடினார்கள் என்று அதே நியாய சங்கிதாவின் 189, 223 பிரிவுகளில் எஃப்.ஐ.ஆர். போடப்படுகிறது. 223 என்பது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 188, அதாவது பொது ஊழியரின் ஆணையை மீறுவது. இந்தக் குற்றத்துக்குச் சம்பந்தப்பட்ட பொது ஊழியர் நீதிமன்றத்தில் எழுத்து மூலம் முறையீடு செய்தால்தான் விசாரணைக்கு எடுக்க முடியும் என்று முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 195 சொன்னது, இப்போது நாகரிக் சுரக்‌ஷா சங்கிதா 215 சொல்கிறது. ஜீவானந்தம் வழக்கில் 2018-இல் சென்னை உயர் நீதிமன்றம் இதை விளக்கி, காவல்துறை 188-க்கு எஃப்.ஐ.ஆர். பதிவு செய்ய முடியாது என்று பல வழக்குகளை ரத்து செய்தது. ஆனாலும் வழக்கு பதிவாகிறது. ரத்தாகும்வரை வழக்கில் சிக்கிய இளைஞரின் பாஸ்போர்ட்டும் அரசு வேலைக்கான சரிபார்ப்பும் தொங்குகின்றன. அடுத்த நாடகத்துக்கு அவர் வர மாட்டார்.

பேச்சுக்காகவும் பாட்டுக்காகவும் நியாய சங்கிதாவின் 196 (பிரிவினரிடையே பகை மூட்டுவது) போன்ற பிரிவுகளில் வழக்குப் போடுமுன் நாகரிக் சுரக்‌ஷா சங்கிதாவின் 173(3)-ஐப் பாருங்கள். 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில் துணைக் கண்காணிப்பாளர் நிலை அதிகாரியின், அதாவது நகரத்தில் உங்கள் உதவி ஆணையரின், அனுமதியோடு 14 நாளில் முதல்நிலை விசாரணை செய்யலாம். இம்ரான் பிரதாப்கடி பதிவிட்ட கவிதை குறித்த வழக்கில் 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், கருத்துரிமை சம்பந்தப்பட்ட வழக்குகளில் இந்த விசாரணையை முதலில் செய்வதே உகந்தது என்றது. சொன்ன சொல்லை மன உறுதி உள்ள மனிதரின் காதால் கேட்க வேண்டும், எதற்கெடுத்தாலும் அஞ்சுபவரின் காதால் கேட்கக் கூடாது என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது.

மண்டபங்களைப் பற்றிச் சுருக்கமாக. வாடகைக்கு எடுத்த அரங்கில் புத்தக விமர்சனக் கூட்டம். முதல் நாள் மண்டப உரிமையாளருக்கு ஒரு போன்: "உங்களுக்கு ஏன் சார் வம்பு?" மறுநாள் மண்டபத்தில் கரண்ட் இல்லை, அல்லது பெயிண்ட் வேலை. யார் பேசினார்கள் என்பதற்குக் காகிதம் இல்லை. இந்தப் போனை நிறுத்துங்கள். ஆட்சேபணை இருந்தால் உரிமையாளருக்கும் அமைப்பாளருக்கும் சேர்த்து ஒரே கடிதமாகக் கொடுங்கள். கடிதம் எழுத முடியாத ஆட்சேபணை போனிலும் வரக் கூடாது.

கூட்ட நெரிசல் பற்றிய உங்கள் கவலை எங்களுக்கும் உண்டு. 2025 செப்டம்பர் 27 அன்று கரூரில் 41 உயிர்கள் போன பிறகு, எண்ணிக்கையும் வழியும் தண்ணீரும் கேட்கும் அதிகாரியைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது. ஆனால் அந்த விதிகளை அளவுக்குத் தக்கபடி பொருத்த வேண்டும். 150 பேர் நிற்கும் நாடகத்துக்குக் கேட்க வேண்டியது: தெருவின் அகலத்தில் 12 அடி வண்டி போக விடப்படுமா, அதைப் பார்த்துக்கொள்ள நான்கு தொண்டர்கள் யார், முடியும் நேரம் என்ன, பொறுப்பாளரின் செல்பேசி எண் எது. இவற்றை ஒரு பக்கப் படிவமாக அச்சடித்து ஸ்டேஷன் வாசலில் வையுங்கள். முதல் நாள் மாலை மனுவோடு வந்து நிற்கும் அமைப்பாளரையும், 100 பேர் என்று எழுதிவிட்டு 1,000 பேரைக் கூட்டுபவரையும் அந்தப் படிவத்தைக் காட்டியே திருப்பி அனுப்பலாம், நாங்கள் அவர்களுக்காகப் பேச வர மாட்டோம்.

ஒரு பதிவேடும் வேண்டும். மனு வந்த நாள், நிகழ்ச்சி என்ன, எங்கே, பதில் தந்த நாள், அனுமதியா மறுப்பா, மறுப்பென்றால் ஒரு வரிக் காரணம். மாதம் ஒரு முறை அதைத் தகவல் பலகையில் ஒட்டுங்கள். எந்தக் கட்சிக்கு எத்தனை நாளில் அனுமதி கிடைத்தது, எந்தக் கலைக்குழுவுக்கு எத்தனை நாளில் கிடைத்தது என்று பார்ப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

இம்மடலோடு மாதிரி மனு ஒன்று, காரணம் எழுதும் இடம் விட்ட மாதிரி மறுப்பாணை ஒன்று, மேலே சொன்ன தீர்ப்புகளின் நகல்கள் ஆகியவற்றை ஒவ்வொரு நிலையத்துக்கும் நேரில் கொண்டுவந்து தருகிறோம். நகலில் முத்திரை போட்டுத் தரவும்.

இப்படிக்கு,
வட சென்னை வீதி நாடகக் கலைஞர்கள், கானா பாடகர்கள், பறைக் குழுவினர், தெருமுனைக் கூட்ட அமைப்பாளர்கள், அவர்களுக்காக வாதாடும் வழக்குரைஞர்கள்